காப்புரிமைச் செய்தியும் தேடிப் பார்க்கும் கடமையும்

கருஞ்சீரகத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று காப்புரிமை வாங்கிவிட்டது, இனி அதைப் பயன்படுத்துவோர் அந்நிறுவனத்துக்குப் பணம் கட்ட நேரிடும் என்றொரு செய்தி நம் குடும்பக் குழுக்களில் ஆண்டுக்கணக்காக வலம் வந்துகொண்டிருக்கிறது. சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும். பிறகு யாரேனும் ஒருவர் அதைப் புதிய செய்தியைப் போல மீண்டும் அனுப்புவார். கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியிருப்பதால், இச்செய்தி நம் உள்ளங்களை உடனே சுடுகிறது. சுட்ட வேகத்தில் அடுத்த குழுவுக்கும் போய்ச் சேர்கிறது.

அச்செய்தியில் உண்மையின் ஒரு துண்டு உண்டு. பொய்யின் பெரும் பகுதியும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வழியில்லையா என்றால், தாராளமாக உண்டு. பேட்டன்ட் எனப்படும் காப்புரிமையின் ஆவணங்கள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்கென்றே வெளியிடப்படுகின்றன. அவற்றைக் கட்டணமின்றித் தேடலாம், படிக்கலாம். அப்படியிருந்தும் தேடாமலேயே ஒரு நிறுவனத்தைத் திருடன் என்கிறோம். மறுபுறம், தேடாமலேயே பிறருடைய ஆக்கத்தை எடுத்து நம் கடையில் விற்கிறோம். இவ்விரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதே நாம் இங்குச் சொல்ல விரும்புவது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் கூட்டத்தார் முஸ்லிம்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் விளக்கம் கூற முடியாது.

கருஞ்சீரக ஆவணம் சொல்வது என்ன?

செய்தியின் மூலத்தைத் தேடினால் நாம் சென்று சேர்வது நெஸ்லே நிறுவனத்தின் பன்னாட்டு விண்ணப்பம் ஒன்றில். அது 2010ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது. அதைப் படிப்பவர் முதலில் காண வேண்டியது, அது விண்ணப்பமா, வழங்கப்பட்ட உரிமையா என்பது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வழியாக வெளியாகும் பன்னாட்டு ஆவணம் எதுவுமே வழங்கப்பட்ட உரிமை அன்று. அது மனு மட்டுமே. அதைக் கொண்டு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே உரிமை கேட்க வேண்டும். ஒவ்வொரு நாட்டின் அலுவலகமும் தன் சட்டப்படி ஆராய்ந்து ஏற்கும் அல்லது மறுக்கும். ஆவண எண்ணின் கடைசியில் நிற்கும் எழுத்தே பல நேரங்களில் இதைக் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பிய ஆவணங்களில் ஏ என்று முடிந்தால் விண்ணப்பம். பி என்று முடிந்தால் வழங்கப்பட்டது.

அடுத்துக் காண வேண்டியது உரிமைக்கோரல்கள் என்னும் பகுதி. காப்புரிமை ஆவணத்தில் தலைப்பு உண்டு, சுருக்கம் உண்டு, நீண்ட விளக்கமும் உண்டு. ஆனால் சட்டத்தின் முன் வேலி போடுவது கடைசியில் எண்ணிட்டுத் தரப்படும் உரிமைக்கோரல்கள் மட்டுமே. வீட்டுமனைப் பத்திரத்தில் நான்கு எல்லை குறிப்பதைப் போன்றது அது. ஊரின் வளத்தைப் பற்றிப் பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், வாங்கியவருக்குச் சொந்தம் நான்கெல்லைக்குள் உள்ளது மட்டுந்தானே? மேற்சொன்ன விண்ணப்பம் கருஞ்சீரகச் செடியையோ விதையையோ கோரவில்லை. உடலின் ஓபியாய்டு ஏற்பிகளைத் தூண்டும் பொருள்களை, குறிப்பாகக் கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுயினோனை, உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்துவதைப் பற்றியே அது பேசுகிறது. ஆகவே நம் வீட்டுச் சமையலறையில் கருஞ்சீரகம் வறுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. செடியைத் தாங்கள் கோரவில்லை என்று அந்நிறுவனமும் மறுப்பு வெளியிட்டது.

அப்படியானால் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அனைவரும் தவறானவர்களா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. அவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது: இந்தப் பயன்பாடு உண்மையிலேயே புதியதா? அதற்கு விடை காணவும் தேடத்தான் வேண்டும். தேடினால், 2003ஆம் ஆண்டு ஃபைட்டோதெரபி ரிசர்ச் என்னும் ஆய்விதழில் பெர்லின் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று கிடைக்கிறது. ஒவ்வாமை நோயாளிகள் 152 பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகள் முந்தையது. ஆனால் அக்கட்டுரை பேசும் ஒவ்வாமைகள் மூக்கொழுக்கு, ஆஸ்துமா, தோல் கரப்பான் ஆகியவை. உணவு ஒவ்வாமை அன்று. எனவே, அந்தக் கட்டுரை ஒன்றே புதுமையை முற்றாக உடைத்துவிடும் என்று சொல்ல இயலாது. ஒவ்வாமைக்குக் கருஞ்சீரகம் உதவும் என்று ஏற்கனவே தெரிந்திருக்க, அதை உணவு ஒவ்வாமைக்கும் கொடுத்துப் பார்ப்பது ஒரு வல்லுநருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதானே என்று வாதிட அது உதவும். ஒன்று புதுமை பற்றிய கேள்வி; மற்றொன்று கண்டுபிடிப்புத் திறன் பற்றிய கேள்வி. பரிசோதனை அலுவலர்கள் இரண்டையும் தனித்தனியே எடைபோடுவார்கள்.

இவ்வளவும் ஒரு பிற்பகலில் வீட்டிலிருந்தபடியே படித்தறியக்கூடியவை. இவற்றைப் படித்தவர், எந்த நிறுவனமும் நம் கருஞ்சீரகத்தைப் பறிக்கவில்லை என்பதையும் சொல்வார். மரபாக அறியப்பட்ட பயன்பாட்டின் அருகே வேலி போடும் முயற்சிகளைக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் சொல்வார். அதுவே நீதமான பேச்சு.

தேடியவர்கள் வென்ற வழக்கு

மஞ்சளின் கதையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அந்த வழக்கு எவ்வாறு வெல்லப்பட்டது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. எண் 5401504. அடிபட்ட குழந்தையின் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போடாத வீடு நம் நாட்டில் உண்டா? ஆயினும் கோடிக்கணக்கான வீடுகளின் அந்த வழக்கம் அமெரிக்க அலுவலகத்தின் முன் சான்றாக நிற்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, பிற நாடுகளில் மக்கள் வழக்கில் இருப்பது மட்டும் போதாது. அச்சில் வெளியான ஆவணம் வேண்டும்.

இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் தேடத் தொடங்கியது. 1996இல் அது மறுபரிசீலனை கோரியபோது 32 ஆவணச் சான்றுகளை முன்வைத்தது. பழைய சமஸ்கிருத நூற்பகுதியும் அவற்றில் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1953இல் வெளியான கட்டுரையும் இருந்தது. 1997இல் அந்த உரிமைக்கோரல்கள் நிராகரிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நூலகத்தில் தூங்கிய ஒரு கட்டுரையை யாரோ ஒருவர் பொறுமையுடன் தேடி எடுத்தார். அதன் பயனை நாடு முழுவதும் அனுபவித்தது.

வேம்பின் வழக்கு இன்னும் நீண்டது. அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிய உரிமை, வேப்ப எண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றியது. எதிர்ப்பு மனு விசாரிக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு மே மாதம் அது இரத்துச் செய்யப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. முந்தைய பொதுப் பயன்பாடும் ஐரோப்பிய முறையில் சான்றாகும் என்பதால், இந்தியத் தொழிற்சாலை மேலாளர் ஒருவரின் சாட்சியம் அவ்வழக்கில் முக்கிய இடம் பெற்றது. ஒரு நாட்டில் எது சான்றாகும், எது ஆகாது என்பதை அறிந்து தேடுவதும் தேடலின் ஒரு பகுதியே.

மத்ரஸாக்களில் நாம் இதற்கு அந்நியர் அல்லர். ஒரு நபிமொழியை எவரேனும் எடுத்துச் சொன்னால், அது எந்தத் தொகுப்பில் உள்ளது, அறிவிப்பாளர் யார் யார், வேறு வழியில் வந்திருக்கிறதா, காலம் பொருந்துகிறதா என்று தக்ரீஜ் செய்வதை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். மேடையில் அழகாகச் சொல்லப்பட்டது என்பதற்காக ஒன்றை ஸஹீஹ் என்று ஏற்பதில்லை. கிதாபுகளில் காட்டும் இந்தக் கண்டிப்பைக் கைப்பேசிச் செய்தியில் கைவிட்டுவிடுவது நமக்கு அழகா?

தேடும் முறை

தேடுவதற்கு மூன்று தளங்கள் போதுமானவை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்றும் கட்டணமில்லாதவை. இந்திய ஆவணங்களுக்கு நம் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் தனியே உள்ளது.

முதல் இடர் பெயரில் வரும். கருஞ்சீரகத்தை நைஜெல்லா சட்டைவா என்னும் தாவரப் பெயரிலும், பிளாக் சீட், கலோஞ்சி, ஹப்பத்துஸ் ஸவ்தா என்னும் பெயர்களிலும் தேட வேண்டும். ஆங்கிலத்தில் அதை ஃபென்னல் ஃப்ளவர் என்றும் சொல்வதால், பெருஞ்சீரகம் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. பிளாக் குமின் என்னும் பெயரோ ஷாஹி ஜீரா என்ற வேறொரு விதைக்கும் வழங்குகிறது. எனவே பெயரை மட்டும் நம்பாமல் வகைப்பாட்டு எண்ணைக் கொண்டும் தேடுவது வல்லுநர் வழக்கம். கருஞ்சீரகத்தின் தாவரக் குடும்பம் சார்ந்த மருந்துகள் ஏ61கே 36/71 என்னும் எண்ணின் கீழ் வருகின்றன. வேம்பின் குடும்பத்துக்கு 36/58. மொழி எதுவாயினும் எண் மாறாது.

ஆவணம் கிடைத்ததும் அதனுடன் உள்ள தேடல் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பரிசோதனை அலுவலர் முன்பே கண்டெடுத்த பழைய ஆவணங்களை அதில் பட்டியலிட்டிருப்பார். எக்ஸ் என்னும் குறி இட்டிருந்தால், அந்த ஒரு பழைய ஆவணமே கோரலை அசைக்கவல்லது என்று பொருள். ஒய் என்றால், வேறொன்றுடன் சேர்த்துப் பார்க்கையில் அசைக்கவல்லது. ஏ என்றால், பின்னணிச் செய்தி மட்டுமே. பிறகு முன்னுரிமைத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிக்கு முன் உலகம் அறிந்தவை மட்டுமே அந்தக் கோரலுக்கு எதிரான சான்றாகும்; பின்னர் வந்தவை எவ்வளவு வலுவானவையாயினும் பயனில்லை.

நம் வியாபாரத்தின் பக்கம்

பிறர் நம்முடையதை எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும் நாம், நாம் பிறருடையதை எடுத்துக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டும். சந்தையில் நன்றாக ஓடும் ஒரு பொருளை வாங்கி வந்து பிரித்துப் பார்த்து, அதே போலச் செய்து விற்பதை நம் வணிகர் சிலர் திறமை என்று கருதுகிறார்கள். கையில் தொட முடியாத கருத்துக்கு எப்படி விலை வைக்க முடியும் என்று கேட்போரும் உண்டு. துணைக்கண்டத்து ஆலிம்களில் சிலர் முற்காலத்தில் இத்தகைய உரிமைகளை விற்பனைக்குரிய சொத்தாக ஏற்கத் தயங்கினார்கள் என்பது உண்மையே.

ஆனால் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாவது அமர்வில் இதை ஆராய்ந்து முடிவு சொன்னது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை இக்காலத்தில் பொருள் மதிப்புப் பெற்ற உரிமைகள். ஷரீஅத் அவற்றை மதிக்கிறது. அவற்றின் மீது அத்துமீறுவது கூடாது என்பது அம்முடிவின் சாரம். ஆகவே பிறர் உழைப்பில் பிறந்த கண்டுபிடிப்பை அனுமதியின்றி எடுத்து விற்பது அடியார்களின் ஹக்கில் கை வைப்பதாகும். அந்த ஹக்கு தொழுகையாலும் நோன்பாலும் மட்டும் தீர்ந்துவிடுவதன்று. உரியவரிடமே தீர்க்க வேண்டியது.

அச்சத்தினால் ஹலாலான தொழிலையும் கைவிட்டுவிட வேண்டியதில்லை. காப்புரிமை என்றாலே எதையும் தொடக்கூடாது என்று எண்ணுவதும் அறியாமையே. அந்த உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் மட்டுமே நிற்கும். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும். எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டில் மட்டுமே செல்லும். காலம் முடிந்த கண்டுபிடிப்பு பொதுச் சொத்து. எவரும் தாராளமாகச் செய்து விற்கலாம். உரியவர் தம் ஆக்கத்தின் விவரத்தை முழுமையாக வெளியிட வேண்டும், அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை பெற வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை உடன்படிக்கை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் தொழில் செய்வோர், காலம் முடிந்த ஆவணங்களைத் தேடிப் படித்தால் கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு தொழில்நுட்ப நூலகமே அங்கு இருப்பதைக் காண்பார்கள்.

உரிமை உயிருடன் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்து ஒப்பிட வேண்டும். உரிமைக்கோரலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒரு பக்கம் எழுதி, நம் பொருளில் அந்தந்த உறுப்பு இருக்கிறதா என்று மறுபக்கம் எழுதுவதே முறை. எல்லா உறுப்புகளும் இருந்தால் மீறல். ஒன்று இல்லாவிட்டால் பெரும்பாலும் மீறல் இல்லை. ஆயினும் அதே வேலையை அதே விதமாகச் செய்யும் மாற்று உறுப்பை வைத்துவிட்டுத் தப்பிக்க நினைத்தால் நீதிமன்றம் அதையும் பார்க்கும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஒரு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட சிறிய இயந்திரத்துக்குப் பஜாஜ் நிறுவனம் 195904 என்னும் எண்ணுள்ள இந்தியக் காப்புரிமை பெற்றிருந்தது. 2007 டிசம்பரில் டிவிஎஸ் நிறுவனம் ஃப்ளேம் என்னும் வண்டியை அறிமுகப்படுத்தியது. அதிலும் இரண்டு பிளக். பார்த்தவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது போலத் தோன்றியிருக்கும். 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடையும் விதித்தார். ஆனால் பஜாஜின் கோரலில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள் என்றிருந்தது. ஃப்ளேம் இயந்திரத்தில் மூன்று. இரண்டு பிளக் வைக்கும் எண்ணமும் புதிதன்று என்று காட்ட, ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமை முன்வைக்கப்பட்டது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு விற்கலாம் என்றும் வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்றும் கூறியது. இறுதியில் 2019இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. இரண்டு பிளக்கைக் கண்ட மாத்திரத்தில் திருட்டு என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாத அளவுக்கு நுட்பமானது இந்த ஒப்பீடு. பெரும் நிறுவனங்களுக்கே இந்நிலை என்றால், சிறு தொழில் செய்யும் நாம் அச்சு வார்ப்புக்கும் இயந்திரத்துக்கும் பணம் போடும் முன் தேடுவது எவ்வளவு அவசியம்! தேடலில் ஐயம் எழுந்தால், பதிவு பெற்ற காப்புரிமை முகவரிடம் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆதாரமின்றி ஒருவரைக் காப்புரிமை மீறினாய் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு வழி தருகிறது. போட்டியாளரின் கடையை மூட வைக்க வெறும் கடிதத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சட்டத்திலும் குற்றப்பட்ட செயல், மார்க்கத்திலும் அநியாயம்.

பெட்டியில் அச்சிட்ட சொல்

எண்ணெய்ப் புட்டியிலும் லேகியப் பெட்டியிலும் காப்புரிமை பெற்றது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நம் தாய்மார்கள் அதை மருத்துவச் சான்றாக எண்ணி இருமடங்கு விலை கொடுக்கிறார்கள். காப்புரிமை அலுவலகம் ஒரு பொருள் புதியதா, கண்டுபிடிப்புத் திறன் உடையதா, தொழிலுக்குப் பயன்படுமா என்றே பார்க்கிறது. நோயாளிக்குப் பாதுகாப்பானதா என்பதை ஆராய்ந்து விற்பனைக்கு அனுமதிப்பது அதன் வேலை அன்று. அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. மேலும், விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுப் பெற்றுவிட்டதாக அச்சிடுவோரும் உண்டு. அவ்வாறு பொய்யாகக் குறிப்பது 120ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது. பெட்டியில் எண் இருந்தால் அதைத் தேடிப் பார்க்கலாம். எண்ணே இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்கலாம். நம் மஹல்லாவில் அத்தகைய பொருளை விற்கும் சகோதரர்களிடம் இதை அன்புடன் சொல்வதும் நம் பொறுப்பே.

நம் பரண்களில் உறங்கும் சான்றுகள்

மஞ்சள் வழக்குக்குப் பின், ஒவ்வொரு முறையும் வெளிநாட்டில் வழக்காடிக்கொண்டிருக்க முடியாது என்று உணர்ந்த இந்திய அரசு, மரபறிவு மின்னூலகம் ஒன்றை 2001இல் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம், யோகம் ஆகியவற்றின் நூல்களிலுள்ள செய்திகள் அங்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தரப்படுகின்றன. 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதைப் பார்வையிடும் வசதி பெற்றது. வேறு பல நாடுகளின் அலுவலகங்களும் தொடர்ந்தன. பரிசோதனை அலுவலர் ஒருவர் தம் நாட்டில் அமர்ந்தபடியே, இது பழைய மருந்து என்று கண்டு விண்ணப்பத்தை மறுக்க அது உதவுகிறது.

அந்த நூலகத்துக்கு மூலமாக அமைந்த நூல்கள் எந்த மொழிகளில் உள்ளன? சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது, தமிழ். இவற்றுள் அரபும் தமிழும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவர்கள் நம் மத்ரஸாக்களில்தாம் இருக்கிறார்கள். அதற்கும் மேலாக, நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் ஏடுகளில் மருத்துவக் குறிப்புகளும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்த ஆய்வாளரால் அவற்றைப் படிக்க முடியாது. அரபு மட்டும் தெரிந்தவருக்கும் அவை புரியாது. இரண்டும் அறிந்த நம் மாணவர்களுக்கே அது இயலும். ஆனால் அந்த ஏடுகள் எங்கே? பழைய வீடுகளின் பரண்களிலும், பள்ளிவாசலின் பூட்டிய அலமாரிகளிலும் கரையானுக்கு உணவாகின்றன. வீட்டை இடிக்கும்போது பழைய தாள் என்று எடைக்குப் போகின்றன.

இங்கு ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. பூட்டி வைத்த ஏடு எவருடைய கோரலையும் தடுக்காது. பொதுமக்கள் அணுகக்கூடிய நிலையில் வெளிவந்தால்தான் அது சான்றாகும். ஆகவே தம் பாட்டனார் ஹகீமின் குறிப்பேட்டை வைத்திருக்கும் குடும்பத்தார் இரண்டில் ஒன்றை எண்ணித் துணிய வேண்டும். அதிலுள்ள மரபறிவு எவராலும் பறிக்கப்படாமல் பொதுவில் நிலைக்க வேண்டுமானால், தேதியுடன் பதிப்பித்து நூலகங்களில் வைக்க வேண்டும். அதன்மேல் தாமே ஆய்வு செய்து உண்மையிலேயே புதியதொன்றைக் கண்டிருந்தால், வெளியிடும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். முதலில் வெளியிட்டால் அவர்களின் சொல்லே அவர்களுக்கு எதிரான சான்றாகிவிடும். பழையதை அப்படியே கோர இந்தியாவில் வழியில்லை. மரபறிவையும், மரபாக அறியப்பட்ட பொருள்களின் அறியப்பட்ட இயல்புகளைத் திரட்டித் தருவதையும் கண்டுபிடிப்பாகக் கொள்ளக் கூடாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று தெளிவாகவே கூறுகிறது. அப்படியும் எவரேனும் கோரினால், உரிமை வழங்கப்படுவதற்கு முன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு அளிக்க 25ஆம் பிரிவு இடம் தருகிறது. அம்மனுவுக்கு வேண்டியது கோபம் அன்று, தேதியிட்ட தாள்.

செய்ய வேண்டியவை

பெற்றோர்களிடமும் மத்ரஸா நிர்வாகிகளிடமும் சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம். காப்புரிமை பற்றிய செய்தி வந்தால், அனுப்பும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஆவண எண் என்ன? அது விண்ணப்பமா, வழங்கப்பட்டதா? எந்த நாட்டில்? உரிமைக்கோரலின் முதல் வாசகம் எதைக் கேட்கிறது? இந்நான்குக்கும் விடை இல்லாத செய்தியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதிய பொருளைத் தயாரிக்க முதலீடு செய்யும் முன் ஒரு நாளைத் தேடலுக்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பரணைத் துப்புரவு செய்யும் நாளில், அரபு எழுத்திலுள்ள ஏடு எதையும் ஓர் ஆலிமிடம் காட்டாமல் வெளியே போடாதீர்கள். மேல் வகுப்பு மாணவர்களுக்கு, தக்ரீஜ் பாடத்துடன் எஸ்பாஸ்நெட்டில் ஓர் ஆவணத்தைத் தேடிப் படிக்கும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க மத்ரஸாக்கள் முன்வர வேண்டும். அறிவியலும் பொறியியலும் படிக்கும் நம் பிள்ளைகளை அப்பயிற்சிக்கு அழைத்தால், இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள்.

கேட்டதை எல்லாம் பரப்பாமல் தேடி அறிந்து பேசும் நாவையும், பிறர் ஹக்கில் கை வைக்காத வியாபாரத்தையும், முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைப் பேணும் பொறுப்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.